வெள்ளிக்கிழமை அவசரங்கள்

மன்னார்குடிக்குக் கிழக்கே ஏழாவது கிலோமீட்டர்,
19-10-2002, சனிக்கிழமை.

ஷார்ஜா மாநகரில் ஏ.சி. காற்றில் குளிர்ந்து வாழும் என் தங்கை சாஜிதாவின் கணவர், அருமை மாப்பிள்ளை ஜாஃபர் சாதிக் அவர்களுக்கு, உரக்கடை அதிபரும், ஆசியாக் கண்டத்திலேயே தலைசிறந்த பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தலைவருமாகிய ஹபீப் முகம்மது வரையும் மடல். அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே மனிதர்கள், மாடுகள், உரமூட்டைகள் யாவரும் சுகம். ஆற்றுக்குத்தான் உடம்பு சரியில்லை. இந்த வருஷம் அதில் தண்ணீர் ஓடிய நாட்களைவிடப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஓடிய நாட்கள் அதிகம். தங்கள் சுகத்துக்கு ஐவேளையும் துஆ கேட்கிறோம். தலைவர் பதவி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அன்றைக்குக் கூட்டத்துக்குப் போனது நான் ஒருத்தன்தான்.

தங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. நீங்களும் நம்மூர் ஆட்களும் அங்கே கூடிப் பேசி நம் பள்ளிக்கூடத்துக்கு வைத்துக்கொடுத்த பாதுகாப்பு போன் எப்படி இருக்கிறது என்பது ஒன்று. இத்தனை வெள்ளிக்கிழமையாக அந்த போனுக்குக் கூப்பிட்டும் தங்கள் மகள் ஷமீரா ஒரு தடவைகூட லைனுக்கு வரவில்லையே, ஏன் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதுக்கு வருகிறேன். அதற்கு வர எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்; எழுத எழுத வரும்.

மேலிடத்திலிருந்து பதினாலு பக்கத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்ததும், பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு, மாணவர் மனநலம், நவீனத் தொழில்நுட்பம் மூன்றையும் உடனே ஏற்படுத்த வேண்டும் என்று அதில் கண்டிருந்ததும் தங்களுக்குத் தெரியும். நிதி எங்கே என்று பார்க்கப் பதினைந்தாம் பக்கத்தைத் தேடினோம், பதினைந்தாம் பக்கமே இல்லை. தலைமையாசிரியை விஜயலட்சுமி டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "பாய், மூணையும் ஒரே சாமான்ல முடிக்க ஏதாவது வழி இருக்கா?" என்றார். "இருக்கு டீச்சர், போன். பாம்பு வந்தா பாதுகாப்பு, அப்பன்காரன் பேசினா மனநலம், ஒரு ரூபா காசு போட்டா தொழில்நுட்பம்" என்றேன். இப்படித்தான் தங்கள் புண்ணியத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு ரூபாய் போன் ஒன்று ஆபீஸ் ரூம் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தது. திறப்பு விழாவுக்கு வந்த கூட்டத்தை மன்னார்குடி தெப்பக்குளத்தில் இறக்கியிருந்தால் குளம் வழிந்திருக்கும்.

டீச்சர் உடனே ஒரு விதி எழுதி போனுக்கு மேலே ஒட்டிவிட்டார். அவசரத்துக்கு மட்டுமே இந்த போன்; வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் பெயர், ஊர், என்ன அவசரம் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் பிள்ளையைக் கூப்பிட வேண்டும். பாம்பு, காய்ச்சல், மாடிப்படியில் விழுவது, இதையெல்லாம் நினைத்துத்தான் பாவம் அவர் எழுதினார். வளைகுடா முழுக்க வெள்ளிக்கிழமை லீவு, நம்மூரில் அன்றைக்குப் பள்ளிக்கூடம் என்பதை அவர் யோசிக்கவில்லை. நம் ஜனங்களைத்தான் தெரியுமே. பக்கத்து வீட்டு போனுக்குப் பேசினால் பெண்டாட்டிமார் ரிசீவரைப் பிள்ளை கையில் கொடுக்கிறார்களா? நம்ம சாஜிதாவே மெஹராஜ் பேகம் வீட்டு போனில் நாலு நிமிஷத்துக்குள் கறவை மாடு, கட்டட வேலை, நாத்தனார் கல்யாணம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "புள்ள நல்லா படிக்குது, வச்சிடவா?" என்று வைத்துவிடுகிறாள். ஆகவே வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அடிக்க ஆரம்பிக்கும் போன், நான் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்வரை ஓய்வதில்லை. நானும் கடையைச் சாத்திவிட்டுப் போய், எது அவசரம், எது இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் நீதிபதியாக ஜன்னலோரம் அமர்ந்துவிட்டேன்.

பதிவேட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன். குவைத், தமிழரசன்: அவசரம், மகனுக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா? மஸ்கட், அமிர்தலிங்கம்: அவசரம், மகள் படிப்பது ஆறாவதா ஏழாவதா என்று ரூமில் பந்தயம். தம்மாம், ஜெக்கரியா: அவசரம், சும்மாதான். இந்தக் கடைசி அவசரத்தில் டீச்சருக்கும் எனக்கும் பெரிய வழக்கே நடந்தது. "சும்மான்னா அதை எப்படி பாய் அவசரம்னு எழுதறது?" "டீச்சர், கடல் தாண்டி ஒருத்தன், ஒரு வாரம் வெயில்ல நின்னு சம்பாதிச்சதை போன்ல கரைச்சுக்கிட்டு, சும்மா பேசறான்னா, அதைவிட என்ன அவசரம் வேணும்ங்கறீங்க?" டீச்சர் பதிவேட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். மறுவாரம் பார்த்தால், யாருக்கும் பாடம் கெடாதபடி வெள்ளிக்கிழமை விளையாட்டுப் பீரியடை அந்த நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தார்.

இப்போது இரண்டாவது கேள்வி.

ஷமீரா ஏன் வரவில்லை என்பதற்கு நான் தங்களுக்கு இதுவரை சொன்ன காரணங்கள்: முதல் வாரம் தொண்டைக்கட்டு, அடுத்த வாரம் பரீட்சை, மூன்றாம் வாரம் பறவை பார்க்கக் கோடியக்கரைக்குப் போயிருந்தாள், நாலாம் வாரம் பறவைகள் வராததால் மறுபடியும் போயிருந்தாள். மாப்பிள்ளை, அத்தனையும் பொய். ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. கையெழுத்து அழகு என்று டீச்சர் பதிவேட்டை எழுத வைத்திருப்பதே அவளைத்தான். "பேரு சொல்லுங்க, எங்கேருந்து பேசுறீங்க, என்ன அவசரம்?" என்று கேட்கிறதே ஒரு பிள்ளை, "யாரு மச்சான் அது, கலெக்டர் மாதிரி அதட்டுது?" என்று நேற்றுகூட என்னிடம் கேட்டுச் சிரித்தீர்களே, அது உங்கள் பிள்ளை.

முதல் வெள்ளிக்கிழமை அவள் பெயர் கேட்டாள். நீங்கள், "ஜாஃபர் சாதிக்ம்மா, ஷார்ஜாலேருந்து. ஏழாவது படிக்கிற ஷமீராவக் கொஞ்சம் கூப்பிட்டு விடும்மா" என்றீர்கள். அவள் ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு, "மாமு, ஷமீரா வெளிநாடு போயிருக்கான்னு சொல்லுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து இதே கதைதான். உங்கள் மேல் குற்றமில்லை. நீங்கள் விமானம் ஏறும்போது அவளுக்கு எட்டு வயசு, கீச்சுக் குரல். இப்போது பன்னிரண்டு. லைனிலும் எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம். ஆனால் பிள்ளைக்குக் கோபம். அத்தாவே குரலைக் கண்டுபிடிக்கட்டும் என்று வாரம் எட்டாக வைராக்கியமாக இருக்கிறாள் என்பது, மனித மனத்தை முப்பது வருஷம் உரக்கடையிலிருந்து ஆராய்ந்த என் முடிவு.

ஆகவே ஒரு திட்டம். அடுத்த தடவை அவள் "பேரு சொல்லுங்க" என்றதும், "ஷமீராதானே? அத்தாவுக்குத் தெரியாமப் போயிடுமாடா?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுங்கள். நீங்களாகக் கண்டுபிடித்ததாகவே இருக்கட்டும். நான் எழுதினேன் என்று மூச்சு விடக் கூடாது. படித்ததும் கடிதத்தைக் கொளுத்தி, சாம்பலை ஷார்ஜாக் கடலில் கரைத்துவிடவும்.

சாஜிதா ஸலாம் சொல்லச் சொன்னாள். தங்கள் கைகால் சுகத்துக்கும், தங்கள் முதலாளியின் மனசு இளகி லீவு தருவதற்கும் குடும்பமே ஏந்திய கையோடு நிற்கிறது.

துஆ ஸலாமுடன்,
ஹபீப் முகம்மது.

பி.கு.: மேலே எழுதியது அனைத்தும் ரத்து. உறையின் மேல் இங்கிலீஷில் விலாசம் எழுத வேண்டுமே என்று ஷமீராவைக் கடைக்குக் கூப்பிட்டேன். கூப்பிட்டவன் கடிதத்தை உறைக்குள் போட்டு ஒட்டியல்லவா கொடுத்திருக்க வேண்டும்? யூரியா மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்துவிட்டாள். நான் கல்லாவுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். "கோபம்னு யாரு மாமு சொன்னா?" என்றாள். "பின்ன என்னம்மா?" "எனக்கும்தான் அத்தா குரல் தெரியல. வேற யாரோட அத்தாவோன்னு நெனச்சுத்தான் பேரு கேட்டேன். பேரைச் சொன்னதும் திக்குன்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் நான்தான் ஷமீரான்னு எப்படிச் சொல்றது?"

நடிப்பு, கிடிப்பு ஒன்றும் வேண்டாமாம். வருகிற வெள்ளிக்கிழமை முதலில் அவள் தன் பெயரைச் சொல்லிவிடுவாளாம், பிறகு நீங்கள் சொல்ல வேண்டுமாம். கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும், வெள்ளிக்கிழமைக்கு ஆறே நாள்தான். ஆக, நீங்கள் இதைப் பிரிக்கிற நேரத்தில் இருவரும் பேசி முடித்திருப்பீர்கள். ஆனாலும் விலாசம் எழுதியாகிவிட்டது, ஸ்டாம்பும் ஒட்டியாகிவிட்டது, அனுப்பிவிடுகிறேன். அவள் இப்போது கடை வாசலில், ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டு, "அத்தா, நான் ஷமீரா பேசுறேன்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாலு தடவை சொல்லிவிட்டாள். கூட்டிச் சொல்லவில்லை மாப்பிள்ளை, எண்ணினேன்.