ட்யூனரில் கண்ட ஒரே குறை

நெருப்பையும் சக்கரத்தையும் மனித குலம் குழு அமைக்காமலேயே கண்டுபிடித்துவிட்டது. அதனால்தான் ஒன்று சுடுகிறது, இன்னொன்று காலில் ஏறுகிறது. எங்கள் குழாய்த் துறையில் அப்படிப்பட்ட அவசரக் குடுக்கைகள் கிடையாது. கம்ப்யூட்டரில் செருகும் ஒரு ட்யூனரைத் தேர்ந்தெடுக்க நாங்கள் காட்டிய நிதானத்தை வருங்காலத் தலைமுறை பாடமாகப் படிக்கும். அந்தப் பாடத்தை வேறு யாராவது எழுதிக் கெடுத்துவிடக் கூடாதே என்று நானே எழுதிவிடுகிறேன்.

ட்யூனர் என்பது விரல் நீளக் கருவி. அதைக் கம்ப்யூட்டரில் பொருத்தி ஒரு ஆன்டெனாவையும் மாட்டிவிட்டால், டிஜிட்டல் வானொலி, தொலைக்காட்சி இரண்டையும் வாங்கி டிஸ்கில் பதிந்து வைக்கும். இது ஏன் ஒரு குழாய்த் துறைக்குத் தேவை என்று கேட்பவர்களுக்குத் துறையின் உள்விவகாரம் தெரியாது.

எங்கள் இயக்குநர் வாரம் ஒருமுறை தெருவைக் கடந்து, எதிர்க் கட்டடத்தில் இருக்கும் வானொலி நிலையத்துக்குப் போவார். நிகழ்ச்சியின் பெயர் 'கேளுங்கள், செய்கிறோம்'. நேரலை. மக்கள் போன் செய்து கசிவு, அடைப்பு, வராத தண்ணீர் என்று கொட்டித் தீர்ப்பார்கள். இயக்குநர் கனிந்த குரலில், இந்த வாரமே முடித்துத் தருவதாக எல்லாரிடமும் சொல்வார். பிறகு தெருவைக் கடந்து திரும்பி வருவார். அப்படிக் கடக்கும்போது வாக்குறுதிகள் எங்கேயோ நழுவி விழுந்துவிடும். போக்குவரத்து அதிகமுள்ள தெரு.

இந்த ஏற்பாடு யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, தையல்காரம்மா வரும்வரை.

அவர் கடை ஒரு சந்தில் இருந்தது. குழாய் பதிக்க அவர் வாசலில் எங்கள் துறை ஒரு குழி தோண்டியது. குழாய் அடுத்த சந்துக்குப் போய்விட்டது, குழி நின்றுவிட்டது. அவரும் அவர் வீட்டுக்காரரும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். நிகழ்ச்சிக்குப் போன் செய்த தையல்காரம்மாவிடமும் இயக்குநர் அதே வாக்கைக் கொடுத்தார். வாரங்கள் பல போன பிறகு அந்த அம்மா நேராக வந்து எங்கள் சூப்பிரண்டின் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"சார், பெரிய சார் ரேடியோவுல சொன்னாரே, இந்த வாரமே மூடிடுவோம்னு."

"சொல்லியிருப்பார்மா. நான் இல்லைன்னு சொல்லலையே. பதிவு இருக்கா?"

"ஊரே கேட்டுச்சு சார்."

"ஊர் கேட்டா ஊர் மூடட்டும்மா. துறை கேட்டாத்தான் துறை மூடும்."

தையல்காரம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்தார். ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்து அவரே பதிந்த பதிவு. கடகடவென்று தையல் மிஷின் ஓட, அதன் நடுவே இயக்குநரின் குரல் வந்தது. சூப்பிரண்டு கண்ணை மூடிக் கச்சேரி கேட்பதுபோல் கேட்டார்.

"யார் பேசறாங்கன்னு தெரியலையேம்மா. மிஷின்தான் தெளிவாப் பேசுது."

"அப்ப மிஷின் பேச்சைக் கேட்டாவது மூடுங்க சார்."

நல்ல பதில்தான். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கருவியில் பதிவாகாத எதையும் 'கேட்டதாக' எடுத்துக்கொள்ளத் துறைக்கு அதிகாரமில்லை. அங்கீகரிக்கப்பட்ட கருவி என்று ஒன்று எங்களிடம் இல்லவும் இல்லை. உடனடி நடவடிக்கைக்குப் பேர்போன எங்கள் இயக்குநர் அன்றே 'எண்ணியல் ஒலிபரப்பு, ஒளிபரப்புப் பதிவுக் கருவித் தேர்வுக் குழு'வை அமைத்தார். தலைவர் சூப்பிரண்டு. உறுப்பினர் ஸ்டோர் மேடம். செயலர் நான்.

நான் ஒரு காலத்தில் ஒரு சேனலில் இரவுப் பணிக்குப் போய்ப் பாதியில் ஓடி வந்தவன். பாதியில் ஓடி வந்தவனுக்குப் பாதியாவது தெரிந்திருக்கும் என்பது சூப்பிரண்டின் வாதம். மற்ற இருவருக்கும் எதுவும் தெரியாததால் குழுவில் நான் நிபுணர் ஆனேன்.

முதல் கூட்டத்தில் அடிப்படைக் கேள்வியை எடுத்துக்கொண்டோம். கம்ப்யூட்டருக்கு உள்ளே பொருத்தும் அட்டையா, வெளியே செருகும் குச்சியா?

"வெளியே செருகினா எவனாவது பிடுங்கிட்டுப் போயிடுவான்," என்றார் ஸ்டோர் மேடம்.

"உள்ளே பொருத்தினா அது இருக்குங்கறதே நமக்கு மறந்துபோயிடும்," என்றார் சூப்பிரண்டு.

இரண்டுமே துறையின் அனுபவத்திலிருந்து பிறந்த கருத்துகள் என்பதால் கூட்டம் கனத்த மனதோடு கலைந்தது.

அடுத்த கூட்டத்துக்குக் கம்ப்யூட்டர் கடைக்காரரை அழைத்தோம். ஒற்றை ட்யூனர் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையைத்தான் பிடிக்கும் என்றார் அவர். "இரட்டை ட்யூனரா வாங்கிடுங்க. ஒண்ணு பதிவாகிட்டு இருக்கும்போதே இன்னொண்ணைப் பாக்கலாம்."

ஸ்டோர் மேடத்தின் முகம் மலர்ந்தது. பெரிய சார் பேசும் அதே நேரத்தில்தான் மேடம் பார்க்கும் தொடரும் வருகிறது. "பதிவாகறப்ப பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து கவனிக்கணும் இல்லையா சார்? அந்த ஆளுக்குப் போரடிக்கக் கூடாதில்லையா?"

"ஊழியர் நலன். எழுதிக்குங்க தம்பி," என்றார் சூப்பிரண்டு. "அதிலேயே மேட்ச்சும் வருமான்னு கேட்டு எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது கூட்டம் ஆன்டெனாவைப் பற்றியது. மொட்டை மாடியிலா, ஜன்னலிலா, எந்தப் பக்கம் பார்த்து?

"சிக்னல் எங்கேருந்து வருது?" என்று கேட்டார் சூப்பிரண்டு.

"எதிர்க் கட்டடத்துலேருந்து சார்."

எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். வானொலி நிலையத்துப் பால்கனியில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார். அப்போதுதான் எனக்கு நாக்கில் சனி புகுந்தது.

"சார், அவங்ககிட்டயே எல்லா நிகழ்ச்சியோட பதிவும் இருக்கும். கேட்டா குடுத்துடுவாங்க."

ஸ்டோர் மேடம் பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"தம்பி," என்றார் சூப்பிரண்டு மிக மென்மையாக, "அந்த இரவுப் பணியை எதுக்கு விட்டீங்க?"

"தூக்கம் தாங்கல சார்."

"இங்க அந்தக் கஷ்டம் கிடையாது. தாராளமாத் தூங்கலாம். பேசாமத் தூங்குங்க."

அன்றிலிருந்து நான் பேசாத நிபுணரானேன்.

ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் தையல்காரம்மா வாசலில் நிற்பார். அன்றும் நின்றார். முன்னேற்றத்தை அவருக்கு எடுத்துச் சொல்வது செயலரின் கடமை.

"ஆன்டெனா வரைக்கும் வந்துட்டோம்மா."

"தம்பி, ஒரு லோடு மண்ணு போதும்."

"மண்ணு இந்தக் குழுவுல வராதும்மா."

"என் வீட்டுக்காரருக்குக் கண்ணு சரியில்லை. பொழுது சாஞ்சா பலகை எது, நிழல் எதுன்னு தெரியாது. தச்ச துணியைக் குடுத்துட்டு வர்றப்ப நான்தான் ஓடிப்போய்க் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன். மிஷின்ல உக்காந்திருக்கேன், ஒரு நாள் கவனிக்காம விட்டுட்டேன்னு வைங்க. அப்ப?"

'பயனாளி, குழுவின் பணி குறித்து ஆர்வத்துடன் விசாரித்தார்' என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன்.

தேர்வு முடிவானது செயல்விளக்கத்தின்போதுதான். அதற்கு இயக்குநரே வந்திருந்தார். உள்ளே, வெளியே, ஒற்றை, இரட்டை எல்லாவற்றையும் கடைக்காரர் காட்டினார். இயக்குநர் கொட்டாவி விட்டார். கடைசியாகக் கடைக்காரர் ஒரு பொத்தானைக் காட்டினார்.

"இதை அழுத்தினா நேரலையை அப்படியே நிறுத்தி வைக்கலாம் சார். எப்ப மனசு வருதோ, அப்ப விட்ட இடத்துலேருந்து ஓட்டிக்கலாம்."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நடந்துக்கிட்டு இருக்கறதையே நிறுத்தி வைக்குமா? எவ்வளவு நேரம்?"

"டிஸ்க் நிறையற வரைக்கும் சார்."

"பாத்தீங்களா!" என்று எங்கள் பக்கம் திரும்பினார். அவர் குரல் தழுதழுத்தது. "இத்தனை வருஷமா நாம கையாலேயே பண்ணிக்கிட்டிருந்த வேலை. இப்ப அதுக்கும் மிஷின் வந்துடுச்சு."

வேறு எந்த ட்யூனரையும் அதற்குப் பிறகு யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

தொடக்க விழா கூட்ட அறையில் நடந்தது. பெரிய திரை, டீ, பிஸ்கட். இயக்குநர் பதிவுப் பொத்தானைத் தொட்டார். கைதட்டல். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சந்து, ஒரு கூட்டம், சாய்ந்து கிடக்கும் ஒரு பலகை. கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. குழிக்குள்ளிருந்து நாலைந்து பேர் ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தைத்த துணி மூட்டை சேற்றில் அவிழ்ந்து கிடந்தது. குழிக்குள் அவருடைய கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை.

"படம் என்ன துல்லியம்!" என்றார் சூப்பிரண்டு.

"மண்ணோட நிறம்கூட அப்படியே வருது சார்," என்றார் ஸ்டோர் மேடம்.

செய்தி வாசிப்பவர் தொடர்ந்தார்: "இந்தக் குழி குறித்துக் குழாய்த் துறை இயக்குநர் வானொலியில் கூறியது..."

இயக்குநரின் விரல் பாய்ந்தது. திரை உறைந்தது. அந்த மனிதரின் தலையும் தோளும் குழிக்கு வெளியே, மீதி உள்ளே.

நிறுத்தும் வசதி முதல் முயற்சியிலேயே வேலை செய்ததைக் கண்டு அனைவரும் எழுந்து நின்று கைதட்டினோம். நானும்தான்.

மறுநாளும் அவர் திரையில் அப்படியே நின்றார். மறுபடி ஓட விடும் அதிகாரம் யாருக்கு என்பதில் தெளிவில்லை. தையல்காரம்மா கூட்ட அறைக்கே வந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த முகம். திரையைப் பார்த்து நின்றார்.

"இவரை ஏன் இன்னும் குழியிலேயே வெச்சிருக்கீங்க?"

"நிறுத்தி வெச்சிருக்கோம்மா," என்றார் சூப்பிரண்டு. "உத்தரவு வந்ததும் முறைப்படி மேல எடுத்துடுவோம்."

"அவரை நாங்க எடுத்தாச்சு. காலுக்கு மாவுக்கட்டும் போட்டாச்சு. குழியை எப்ப மூடறீங்க?"

"பதிவை முழுசாக் கேக்காம எப்படிம்மா? எங்க பதிவுப்படி அவரே இன்னும் மேல வரலையே."

தையல்காரம்மா விசைப்பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஊசிக்கு அடியில் துணியை வைத்து அழுத்துகிற பழக்கத்தில், இருப்பதிலேயே நீளமான விசையை அழுத்தினார். படம் ஓடியது. அவர் வீட்டுக்காரர் குழியிலிருந்து மேலே வந்தார். தொடர்ந்து அறை முழுக்க இயக்குநரின் குரல் நிறைந்தது. தையல் மிஷின் சத்தம் இல்லை, இரைச்சல் இல்லை, ஓர் எழுத்தும் சிதறவில்லை.

"கவலையே படாதீங்கம்மா. நாங்க உங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி. இந்த வாரமே மூடிடுவோம்."

தையல்காரம்மா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். "இப்பக் கேட்டுச்சா?"

சூப்பிரண்டு என் பக்கம் திரும்பி, அறிக்கையை எழுதச் சொன்னார்.

அன்றே அறிக்கையைத் தயாரித்துக் கொடுத்தேன். அதன் இறுதிப் பகுதி இது:

'படம் நன்று. ஒலி மிக நன்று. கையாள எளிது, பயனாளியே இயக்கிக் காட்டினார். ஒரே ஒரு குறை: துறை சொன்னதைத் துறைக்கே கேட்கும்படி சொல்லிவிடுகிறது. ஆகவே இக்கருவியைக் கடைக்காரரிடம் திருப்பி அனுப்பி, மேற்படி குறை இல்லாத வேறொரு ட்யூனரைத் தேர்ந்தெடுக்கக் குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது. அது கிடைக்கும்வரை குழி இப்போதுள்ள நிலையிலேயே தொடரும்.'