ஏங்காத கணவர்

டீச்சர் கணவரின் சட்டையை மறுபடியும் மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான். அதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"நெஞ்சு கெட்டுப் போனா நான் யாருக்கு அழுவேன்?" என்று அவள் மூக்கைச் சிந்திய அன்றே அவள் கணவரான நூலகர் சிகரெட்டை விட்டார். விட்டவர் எரிந்து விழவில்லை, மிட்டாய் சப்பவில்லை. ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான்.

"ஆசையே வரலையா?"

"இல்ல."

"எங்க ஸ்கூல் பியூன் விட்டப்போ சுவத்துல முட்டிக்கிட்டாரு. அந்தக் கதை தெரியுமா? அவரு பொண்டாட்டி இருக்காளே..."

"நாய் கூப்பிடுது" என்று அவர் எழுந்தார்.

நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

டீச்சர் தங்கைக்குப் போன் போட்டாள்.

"மனுஷன் ஏங்காம இருக்காருன்னா எங்கயோ இழுக்குறாருக்கா. நாய் வெறும் சாக்கு."

டீச்சருக்குப் பொறி தட்டியது. காலையில் நாயோடு நடை, மாலையில் நாயோடு நடை, அவள் பேச வாயெடுத்தால் நாய். அந்த ஜீவனுக்கும் கால் வலிக்காதா?

"இனிமே நானும் வர்றேன்" என்றாள்.

நூலகரின் முகம் செத்துப்போயிற்று. பார்த்தீர்களா!

அவர் மனசு சிகரெட் பக்கம் போய்விடக் கூடாதே என்று வழி நெடுக டீச்சர் பேசினாள். தலைமையாசிரியை சண்டை, பியூன் குடும்பம், தங்கையின் மாமியார், எதையும் விடவில்லை. சில நாளிலேயே அவர் நகம் கடித்தார். நாய்மேல்கூட எரிந்து விழுந்தார். அவள் இன்னும் அதிகமாகப் பேசினாள்.

ஒருநாள் தெருமுனைப் பெட்டிக்கடை எதிரில் அவர் நின்றேவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு. கொஞ்ச நேரம். நீ வீட்டுக்குப் போயேன்."

"அப்படி வாங்க வழிக்கு! இத்தனை நாளும் திருட்டு தம்மா?" அவரை நாயோடு வீட்டுக்கு விரட்டிவிட்டு, டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கடைமேல் பாய்ந்தாள்.

"ஏங்க, எனக்குத் தெரியாம எங்க வீட்டுக்காரருக்கு சிகரெட் குடுக்குறீங்களா? அவரு நுரையீரலுக்கு நீங்களா ஜவாப்தாரி?"

கடைக்காரர் விழித்தார்.

"அவரு நுரையீரலுக்கு என்னங்க டீச்சர்? அந்தக் காலத்துலயே பத்த வெச்சு விரல்ல புடிச்சுக்கிட்டுச் சும்மா நிப்பாரு, ஒரு இழுப்பு இழுத்ததில்ல. 'வீட்ல பேச்சு ஓயட்டும்'னுவாரு. நாய் வந்ததும், 'இனிமே இது எதுக்குப்பா'ன்னுட்டாரு."