“வா வா” என்றது யார்?

“அவன்கிட்ட சொல்லு, டீயில சர்க்கரை பத்தலை.”

“போட்டாச்சுன்னு சொல்லு. கலக்கிக் குடிக்கத் தெரியலைன்னா நான் என்ன பண்றதுன்னும் கேளு.”

கேரவனுக்குள் இருவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. ஆனாலும் எல்லாப் பேச்சும் மூன்றாவது நண்பரான டெய்லர் வழியாகத்தான் போய்வந்தது.

பள்ளிக்கூட நாளிலிருந்து ஒட்டித் திரியும் மூன்று பேர், வாடகைக் கேரவனில் உல்லாசப் பயணம். பஸ் ஓட்டியே தலை நரைத்தவர் ஓட்டினார். முந்தாநாள் அவர் வண்டியைப் பின்னுக்கு எடுக்க, கீழே நின்று கை காட்டியவர் இன்னொரு நண்பரான டிராஃபிக் கான்ஸ்டபிள். வண்டி நேராகப் போய்க் கம்பத்தில் முட்டியது.

“நிறுத்துன்னு சொன்னேன்” என்றார் கான்ஸ்டபிள். “வா வான்னுதான் கேட்டுது” என்றார் டிரைவர். இருவருமே தொழிலில் கரை கண்டவர்கள். விட்டுக்கொடுப்பார்களா?

இன்று காலை ஒரே ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள். ஊருக்குத் திரும்பிவிடலாம்.

இப்படியே வீடு போய்ச் சேர்ந்தால் ஜென்மத்துக்கும் பேசிக்கொள்ள மாட்டார்கள். டெய்லருக்கு இருக்கும் நண்பர்களே இந்த இரண்டு பேர்தான். கேரவனைப் பூட்டிக்கொண்டு மூவரும் அந்தச் சின்ன ஊரின் கடைத்தெருவுக்கு நடந்தார்கள். ரொட்டி வாங்க உள்ளே போன டெய்லர், பேக்கரிக்காரம்மாவிடம் சாவியை நீட்டினார்.

“அக்கா, சாயங்காலம் வரைக்கும் இதை வெச்சிருங்க. புண்ணியமாப் போகும்.” முழுக்கதையையும் கொட்டிவிட்டார்.

வெளியே வந்து, “சாவியைக் காணோம்டா!” என்று அலறினார்.

சேர்ந்து தேடுவார்கள் என்று பார்த்தால், ஒருவர் கிழக்கே போனார், மற்றவர் மேற்கே. வெகுநேரம் கழித்துத் தனித்தனியாகத்தான் திரும்பினார்கள். டெய்லர் அடுத்த பொய்யை அவிழ்த்தார்.

“வர்ற வழியில பார்க் குளத்தை எட்டிப் பாத்தேனே, அதுல விழுந்திருக்குமோ?”

போகிற வழியில் நூலகம், படிக்கட்டுச் சந்து, மணிக்கூண்டு எல்லாம் பார்த்தாயிற்று. சவரக்கடைக்காரர் பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டுத் தேட வந்தார். பாதித் தலையும் பின்னாலேயே வந்தது.

மூவரும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினார்கள். சேறு வழுக்கியது.

“டேய், கையைக் குடுடா!” என்று கத்தினார் கான்ஸ்டபிள். டிரைவர் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பார்க் வாட்ச்மேன் விசில் ஊதினார். வாழ்நாளெல்லாம் விசில் ஊதிய கான்ஸ்டபிள், நடுக்குளத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார்.

“இப்பத் தெரியுதா எங்க கஷ்டம்?” டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். கான்ஸ்டபிளும் சிரித்துத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் தெரிந்து மனமிரங்கிய வாட்ச்மேன், கையோடு பூட்டுக்காரரைக் கூட்டி வந்தார். அவர் கேரவன் கதவில் துளை போடக் கிளம்ப, டெய்லருக்கு உயிரே போனது. பேக்கரிக்கு ஓடினால், மதியச் சாப்பாட்டுக்காகப் பூட்டியிருந்தது. மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, இருவரும் பூட்டுக்காரரைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“வாடகை வண்டிங்க. சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்!”

வேறு என்ன வேலை? மூவரும் பார்க் பெஞ்சில் பேன்ட்டைக் காயவைத்தபடி உட்கார்ந்தார்கள்.

“நீ நிறுத்துன்னு சொல்லியிருப்படா. எனக்குத்தான் காது அடைச்சிருக்கும்” என்றார் டிரைவர்.

“சும்மா இருடா. நான் வா வான்னுதான் சொன்னேன்.”

டெய்லருக்குக் கண் கலங்கியது. இந்த ஊருக்கு, குளத்துக்கு, அந்த விசிலுக்கு, எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லத் தோன்றியது. இனிமேல் பொய் தாங்காது. பேக்கரி திறந்ததும் இருவரையும் அங்கே அழைத்துப்போய், எல்லார் முன்னாலும் கைகூப்பினார்.

“மன்னிச்சுருங்கடா. சாவியை நான்தான் இங்க ஒளிச்சு வெச்சேன். அக்கா, உங்களுக்குக் கோடி நன்றி.”

நண்பர்கள் இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

பேக்கரிக்காரம்மா சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“நீங்க குடுத்ததைக் கண்ணாடி வழியாப் பாத்துட்டு, காலைலயே ரெண்டு பேரும் தனித்தனியா வந்து, அவசரப்பட்டுச் சாவியைக் குடுத்துராதீங்கன்னு கெஞ்சிட்டுப் போனாங்க சார். சாவி இங்கதான் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே குளத்துல இறங்கினவங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன்!”