சான் டியேகோவை நான் எழுத மாட்டேன்

மொன்றியல்,
26.12.2008, வெள்ளி காலை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் தியாகலிங்கம் அறிவது,

இங்கே கோட்-டெ-நெய்ஜில் நானும் உமது தங்கை ஜெகதீஸ்வரியும் சுகம். ஹீற்றர் மட்டும் சுகமில்லை. அங்கே றொறன்ரோவில் நீரும் வீட்டுக்காரியும் கலியாணப் பெண் வித்தியாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஊர்ப் பக்கத்துச் சண்டைச் செய்தியை நான் இதில் எழுதவில்லை. அதை ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கதைத்து அழுகிறோம். கடிதத்திலாவது வேறு விசயம் கதைப்போம்.

அழைப்பிதழ் கிடைத்தது. ஜனவரி 18, ஞாயிறு. நல்ல தடிப்பான காட். விசயத்துக்கு வருகிறேன், மச்சான்: நான் கலியாணத்துக்கு வருவது பெரும் சந்தேகம். ஏன் என்பதை முழுதாக வாசித்துவிட்டுக் கோபியும். நீர் வீடு குடிபுகுந்தபோது நான் வரவில்லை. பொறாமையில் வரவில்லை என்று சனம் கதைத்ததாம். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே இடுப்பை அசைக்க முடியாத நாரிப்பிடிப்பு. இந்த முறையும் வராவிட்டால் அதே சனம் என்னை உரித்துப்போடும் என்று தெரியும். உமது தங்கையும் தனியாக வரமாட்டாவாம். "ஆலாத்தித் தட்டோடை நிண்டுகொண்டு, எங்கை அவர் எண்டு கேக்கிறவைக்கெல்லாம் நான் பதில் சொல்லுறதோ?" என்கிறா. தொலைபேசியில் சொன்னால் நீர் சிரிப்பீர், அவ இடையில் புகுவா. அதனால்தான் எழுத்தில் எழுதுகிறேன்.

நான் பியர்பொன்ட்ஸ் பக்கம் ஒரு பேஸ்ட்ரித் தொழிற்சாலையில் நிற்பது உமக்குத் தெரியும். எங்கள் லைனில் ஒரு சனி ஞாயிறுக்கு ஒருவருக்குத்தான் லீவு. நான் கேட்ட அதே சனி ஞாயிறை றோசலினும் கேட்டிருக்கிறா. எதற்கு? உறைந்த ஆற்றில் ஓட்டை போட்டு மீன் பிடிக்க! மூத்தவருக்குத்தான் லீவு என்பது சட்டம். நானும் அவவும் தொண்ணூற்றாறில் ஒரே திங்கட்கிழமை ஒரே வாசலால் வேலைக்கு வந்தவர்கள். சமநிலை. எங்கள் மேற்பார்வையாளர் பேனாட்டிடம் போய், "கலியாணம், பேனாட், மனிசியின்ரை அண்ணன்ரை மகள்" என்றேன். அவனுக்கு அமெரிக்கன் ஃபுட்போல் பைத்தியம்; அதுவும் பொஸ்டன் பக்கத்து நியூ இங்கிலாந்து அணி என்றால் உயிர். அவன் தாடியைச் சொறிந்துகொண்டு பிரெஞ்சில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்: "சரி, சமநிலையை உடைப்பம். வாற ஞாயிறு கடைசி ஆட்டங்கள். இறுதிச் சுற்றுக்குப் போற பன்னிரண்டு அணியையும் ஆர் கூடச் சரியா எழுதுறியளோ, அவைக்கு லீவு." ஒரு படிவமும் பென்சிலும் தந்தான். இன்று வேலை முடிவதற்குள் கொடுக்க வேண்டும்.

மச்சான், எனக்கு அந்த ஆட்டத்தில் ஆனாவும் தெரியாது. ஆனால் வித்தியாவின் கலியாணத்துக்காகப் படிப்பது என்று முடிவெடுத்தேன். எடுத்தால் விடமாட்டேன் என்பது உமக்குத் தெரியும். பஸ்ஸில் புள்ளி அட்டவணை வாசித்துக்கொண்டு போய், இறங்குகிற இடத்தை விட்டு, இல்-பிசார் தீவில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அங்கே திரும்பி வர பஸ்ஸும் இல்லை, குளிர் மைனஸ் பதினெட்டு, பாலம் கடந்து நடந்து வந்து முக்கால் மணித்தியாலம் பிந்தினால் பேனாட் ஏசப் போகிறான் என்று பார்த்தேன், கையிலிருந்த அட்டவணையைக் கண்டதும் முதுகில் தட்டிக் கோப்பி வாங்கித் தந்தான். எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் தீபக் என்று ஒரு சென்னைப் பெடியன், கம்ப்யூட்டர் வேலை. ஒரு மாலை அவனைப் பிடித்து இருத்திச் சட்டதிட்டம் கேட்டேன். முப்பத்திரண்டு அணி. எட்டுப் பிரிவு, பிரிவுக்கு நாலு அணி. அந்த நாலுக்குள் முதலாவதாக வருகிறவன், எவ்வளவு குறைய எடுத்திருந்தாலும், நேரே உள்ளே. மிச்சம் நாலே நாலு இடம் மட்டும் திறமை அடிப்படையில். எனக்கு உடனே பிடிபட்டது. "அங்கிள், இவ்ளோ சீக்கிரம் புரிஞ்சுகிட்டீங்களே! எனக்கே ஒரு சீசன் ஆச்சு" என்றான் தீபக். "தம்பி, இதே சட்டத்தால் எழுபத்தைஞ்சிலை அடி வாங்கினவன் நான்" என்றேன்.

பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தலைத்தான் சொல்கிறேன், மச்சான். யாழ்ப்பாண மாவட்டத்தில் வெட்டுப்புள்ளிக்கு ஆறு புள்ளி குறைந்து நான் வெளியே. வவுனியா மாவட்டத்தில் என்னைவிட இருபத்தெட்டுப் புள்ளி குறைய எடுத்த நீர் உள்ளே, பேராதனையில் பொறியியல். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு உம்மில் கோபம் என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. பொறியியலாளர் ஆக வேண்டியவன் எழுதுவினைஞராகி உங்கள் ஊர் அரசாங்கக் கச்சேரிக்கே மாற்றலாகி வந்தேன். அந்த மாவட்டத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஒதுக்கீடு உமது தங்கைதான்.

சரி, அணிகளுக்கு வருவோம். ஏழு அணி ஏற்கெனவே உள்ளே; அதில் எனக்கு வேலையில்லை. டெட்ரோயிட் என்று ஒரு அணி, பதினைந்து ஆட்டத்தில் பதினைந்தும் தோல்வி. அவர்களை எந்த ஒதுக்கீடும் காப்பாற்றாது. மிச்சம் ஐந்து இடம். மினசோட்டாவை எழுதினேன்: அவர்களோடு ஆட வருகிற நியூயோர்க் அணிக்கு முதலிடம் உறுதியாகிவிட்டது, இனி அவர்கள் உயிரைக் கொடுத்து ஆடமாட்டார்கள். பிலடெல்பியாவை எழுதினேன்: அவர்களுக்கு ஒரு ஆட்டம் சமநிலையில் முடிந்து அரைப் புள்ளி கிடைத்தது. அரைப் புள்ளியின் அருமை எனக்குத் தெரியும், எழுதாமல் விட மனம் வரவில்லை. பல்ரிமோரை எழுதினேன்: பத்து வெற்றி, சும்மா சொல்லக்கூடாது, முரட்டுப் பிள்ளைகள்.

இனித்தான் சிக்கல். பொஸ்டனுக்கும் பத்து வெற்றி. போன வருடம் பதினாறுக்குப் பதினாறும் வென்று, இறுதி ஆட்டத்தில் மட்டும் தோற்ற அணி. போன ஞாயிறு கொட்டுகிற பனிக்குள் நாற்பத்தேழு புள்ளி எடுத்தார்கள். நான் கதிரையை விட்டு எழும்பிக் கத்தியதில் கீழ் வீட்டுக்காரர் தும்புத்தடியால் இடித்தார். ஞாயிறும் வென்றால் பதினொன்று. பதினொன்று எடுத்தும் அவர்கள் வெளியே நிற்கக்கூடும், மச்சான்! ஏனென்றால் அவர்களுடைய பிரிவில் மயாமிக்கும் பத்து, மயாமியும் வென்றால் சமநிலை உடைக்கிற சட்டம் மயாமி பக்கம். அவர்கள் பக்கத்தில் மிஞ்சிய ஒரே திறமை இடத்திலும் அதே சட்டம் பல்ரிமோருக்குச் சாதகம். போன வருடம் பதினாறில் ஒன்றே ஒன்று வென்ற மயாமி! ஆனால் மேற்குப் பிரிவில் என்ன நடக்கிறது? டென்வருக்கு எட்டு வெற்றி, சான் டியேகோவுக்கு ஏழு வெற்றி எட்டுத் தோல்வி. வெற்றியைவிடத் தோல்வி கூட! அந்த இரண்டும் தங்களுக்குள் மோதி, சான் டியேகோ வென்றால் எட்டுக்கு எட்டு, ஐம்பது வீதம், நேரே உள்ளே. பதினொன்று வாசலில், எட்டு உள்ளே. இதை ஆரிடம் போய்ச் சொல்லி அழுவது?

"அங்கிள், சான் டியேகோ வரிசையா மூணு ஜெயிச்சிருக்கு, டென்வர் வரிசையா ரெண்டு தோத்திருக்கு, மேட்ச் சான் டியேகோ ஊர்லயே நடக்குது. நீங்க ஏன் டென்வர் போடறீங்க?" என்று தீபக் தலையில் கை வைத்தான். "எட்டு எடுத்தவன் இருக்க ஏழு எடுத்தவனை எழுதுறது நியாயமோ?" என்றேன். "இது ஜஸ்ட் சான்ஸ் கணக்கு அங்கிள், இதுல நியாயம் எங்க வந்துச்சு?" என்றான். நியாயம் வராத இடம் எது, தம்பி?

உமது தங்கைக்கு இந்த ஆட்டத்தில் ஒரு மண்ணும் தெரியாது. பந்தைப் பார்ப்பதே இல்லை. கீரை ஆய்ந்துகொண்டு, ஓரத்தில் நிற்கிற பயிற்சியாளர்களுடைய முகத்தைத்தான் பார்க்கிறா. "டென்வர்க்காரன்ரை முகத்தைப் பாருங்கோ, அழப் போற பிள்ளையின்ரை முகம். நான் கார்டெரியிலை இருவது பிள்ளையளை மேய்க்கிறனான், எனக்குத் தெரியும்" என்கிறா. நான் சிரித்துவிட்டேன். அவ விடவில்லை. "உங்களுக்கு இந்த நாலு எழுத்திலை என்ன வைராக்கியம்? சான் டியேகோவை எழுதி லீவை எடுங்கோ. அண்ணை அண்டைக்கு உள்ளை போகாட்டி, எங்களை ஆர் கனடாவுக்கு எடுத்தது?" என்று ஒரு கேள்வி. அது வேறு விசயம். நீர் எங்களைப் பொறுப்பெடுத்து அழைத்ததை நான் மறந்தவன் அல்ல, சாகும் வரைக்கும் மறக்கவும் மாட்டேன். அதற்காக ஏழு எட்டைவிடப் பெரிதாகிவிடுமா?

இன்று விடிய எழும்பிக் கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனையும் செய்வித்தேன். ஐயர் பேர் கேட்டார். நியூ இங்கிலாந்து என்றேன். ஏதோ வெளிநாட்டு மருமகன் என்று நினைத்திருப்பார், அடுத்து நட்சத்திரம் கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, என்னுடைய நட்சத்திரத்தையே கொடுத்தேன்.

ஆகவே, மச்சான், முடிவைக் கேளும். படிவம் எழுதியாயிற்று, மேசையில் கிடக்கிறது. கிழக்கில் பொஸ்டன், மேற்கில் டென்வர். தோற்கலாம் என்று தெரிந்துதான் எழுதினேன். முப்பத்துமூன்று வருடமாகக் கூடப் புள்ளி எடுத்தவனுக்குத்தான் இடம் என்று கத்தினவன், ஒரு சனி ஞாயிறு லீவுக்காக என் கையாலேயே சான் டியேகோ என்று எழுதினால் நான் என்ன மனிதன்? எழுத மாட்டேன். றோசலினும் பேனாட்டைக் குளிர்விக்கப் பொஸ்டனைத்தான் எழுதினாவாம். ஆனால் மேற்கில் கண்ணை மூடிக்கொண்டு சான் டியேகோ என்று எழுதிவிட்டா. அவவுக்கு மீன் கிடைக்கட்டும். நான் பதினெட்டாம் திகதி முகூர்த்த நேரம் பேஸ்ட்ரி அடுக்கிக்கொண்டு உங்கள் எல்லாரையும் நினைப்பேன். எனக்கு வேதனையில்லை என்று எழுத நினைத்தேன்; பொய். வித்தியா மூன்று வயதில் என் தோளில் இருந்து விமான நிலையத்தில் கை காட்டின பிள்ளை. வேதனைதான்.

அவவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் பங்கு அறுகரிசியை மனதாலே போடுகிறேன். பதினாறும் பெற வேண்டும், நோய் நொடி அண்டக்கூடாது. உமது மனைவிக்கு என் அன்பு. சீனியைக் குறைத்து உமது சலரோகத்தைக் கவனியும். மாப்பிள்ளை வீட்டார் என்னைக் கேட்டால், கொள்கை காரணமாக வரவில்லை என்று சொல்லும். நாரிப்பிடிப்பு என்று சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உமது மைத்துனன்,
பேரின்பநாதன்

பின்குறிப்பு:

29.12.2008, திங்கள்

அண்ணை, இது ஜெகதீஸ்வரி எழுதுறன். கடிதத்தைத் தபாலிலை போடச் சொல்லி என்னட்டைத் தந்தவர். நான் போடேல்லை, வாசிச்சன். இவர் எழுதினதிலை சுகம் விசாரிச்சதைத் தவிர வேறை ஒண்டையும் நம்பாதேங்கோ.

வெள்ளிக்கிழமை இவர் வேலைக்கு உடுப்பு மாத்தப் போன நேரம் அந்தப் படிவத்திலை இரண்டு பேரை அழிச்சுப்போட்டு எழுதினன். பொஸ்டனை அழிச்சு மயாமி, டென்வரை அழிச்சு சான் டியேகோ. இவற்றை கையெழுத்தை இருவத்தைஞ்சு வருசமாப் பாக்கிறன், அது பெரிய வேலையில்லை. மடிச்சுச் சோத்துப் பெட்டியோடை வைச்சுவிட்டன், பிரிச்சுப் பாக்காமல் குடுத்திட்டார். நேற்று ஆட்டமெல்லாம் முடிஞ்சுது. டென்வர்க்காரன் அழாத குறை, சான் டியேகோவிட்டை ஐம்பத்திரண்டு புள்ளி அடி வாங்கினான்.

இண்டைக்கு மத்தியானம் இவர் வேலையிலை இருந்து ரெலிபோன் எடுத்தார். குரலே வேறை. "ஜெகா, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாம். பேனாட் பொஸ்டனை நினைச்சுக் கண்ணைத் துடைச்சுக்கொண்டு கையைக் குலுக்குறான். லீவு எனக்குத்தானாம். நான் சான் டியேகோ எழுதேல்லை, ஜெகா. எழுதினனானோ?" எண்டு கேக்கிறார். "வயது போகுது, மறந்திருப்பியள்" எண்டன். றோசலினைப் பற்றி யோசியாதேங்கோ, அந்த ஐஸ் பங்குனி வரைக்கும் உருகாது. நாங்கள் பதினேழாந் திகதி சனிக்கிழமை விடிய பஸ் எடுத்து வாறம், இரண்டு பேரும். படுக்க இடம் பாருங்கோ.

ஒண்டு மட்டும் உங்களிட்டைக் கேக்கிறன், அண்ணை. நேற்றுப் பொஸ்டன் பதினொண்டு எடுத்தும் வெளியிலை எண்டு ரிவியிலை சொன்ன உடனை இவர் ரிவிக்கு முன்னாலையே குந்திக்கொண்டு இருந்தவர், சாப்பிடவும் வரேல்லை. லீவு போச்சுது எண்டு கவலைப்படுறார் எண்டு நினைச்சன். பேந்து கனநேரம் கழிச்சு, "அவங்கள் பதினொண்டு எடுத்தவங்கள் எண்டு ரிவிக்காரன் ஒத்துக்கொள்ளுறான், பாத்தீரோ" எண்டார். அதாலைதான் கேக்கிறன். கலியாண வீட்டிலை எங்கடை ஆக்கள் நாலு பேருக்கு முன்னாலை, "பேரின்பநாதன் என்னைவிட இருவத்தெட்டுப் புள்ளி கூட எடுத்தவர்" எண்டு ஒருக்கால் சொல்லிவிடுங்கோ. இவ்வளவு வருசத்திலை நீங்கள் அதை ஒருநாளும் சொல்லேல்லை, அண்ணை.