மாடிப் போர்ஷன் வாடகை

இன்று ஊசியிடம் பணத்தை வாங்காமல் மாடியை விட்டு இறங்குவதில்லை என்று தீர்மானித்தேன். ஊசி என் நண்பன். தையல்காரன். எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறான். வீடு என் மனைவிக்குச் சொந்தம், நான் உட்பட.

எனக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வசூல் உத்தியோகம். என் தலையைக் கண்டால் லாரி ஓனர்கள் பின்வாசல் வழியாக ஓடுவார்கள். ஆனால் சிநேகிதனிடம் பணம் கேட்க மட்டும் நாக்கு எழாது.

ஆறு மாதத்துக்கு முன் ஊசி, "மாப்ள, இந்த மாசம் வாடகைக்கு வழியில்ல" என்று தலையைச் சொறிந்தான். வாடகை நின்றால் மறுநாளே காலி பண்ணணும் என்று குடிவைக்கும்போதே என் மனைவி சொல்லியிருந்தாள். அதனால், இந்த மாசம் நான் பாத்துக்கறேன் என்று அவனிடம் சொல்லி, என் ஓவர்டைம் பணத்தைக் கவரில் போட்டு, "ஊசி குடுத்தான்" என்று அவளிடம் நீட்டினேன். அப்புறம் அவன் வாடகைப் பேச்சையே எடுக்கவில்லை. பாவம், இன்னும் கஷ்டம் போல என்று நானும் மாதாமாதம் கவர் போட்டேன்.

இதற்கிடையில் கடைவாய்ப் பல் உயிரை எடுத்தது. டாக்டருக்குக் காசு வேண்டும். சம்பளம் முழுக்க மனைவியிடம். கேட்டால், ஓவர்டைம் எங்கே என்பாள். இடது பக்கமாகவே மென்று காலம் தள்ளினேன். நேற்று அந்தப் பக்கமும் வலித்தது. நட்பாவது மண்ணாவது என்று மாடி ஏறிவிட்டேன்.

ஊசி ஒரு பேண்ட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், என் பணம் என்னாச்சு?"

"எந்தப் பணம்?"

"உனக்காக நான் கட்டின வாடகை. ஆறு மாசம்."

மெஷின் நின்றது.

"நீ ஏன் கட்டினே? நான்தான் மாசாமாசம் தங்கச்சிகிட்ட குடுக்கிறேனே. முதல் மாசம் நீ கட்டினதைக்கூட அடுத்த மாசமே சேத்துக் குடுத்துட்டேன்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"உன் கையில குடுத்தா வேற எவனுக்காவது தூக்கிக் குடுத்துருவியாம். சொல்ல வேணாம்னு தங்கச்சிதான் சொல்லிச்சு."

இறங்கிவிட்டேன். கீழே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவளிடம் கேட்பதென்றால் ஆறு மாதப் பொய்யை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சுற்றி வளைத்தேன்.

"ஏம்மா, மாடி வாடகை ஒழுங்கா வருதா?"

"வருதே. ரெண்டு தடவை வருது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணன் குடுக்கிற நோட்டுல சாக்பீஸ் தூள் இருக்கும். நீங்க குடுத்த கவர்ல உங்க கம்பெனி பேர் இருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நிறுத்தியிருப்பீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்க ஓவர்டைம் காசை நான் கண்ணால பாத்ததே அப்பத்தான்."

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

"சரி, நான் குடுத்ததைத் திருப்பிக் குடு. பல் டாக்டர்கிட்ட போகணும்."

"அவர்கிட்டதான் இருக்கு. முந்தாநாளே கட்டிட்டேன். சாயங்காலம் வரச் சொல்லியிருக்கார்."

துணியை வைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "தூக்கத்துல முனகுறீங்க, எனக்குக் கேக்காதா? அடுத்தவங்களுக்குக் குடுக்க மனசு வருது. உங்களுக்குச் செலவு பண்ண மட்டும் வர மாட்டேங்குது."

இப்படிப்பட்டவளிடம் ஏமாறக்கூடக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. மூக்கை உறிஞ்சினேன்.

"அடுத்து உங்க கண்ணாடியை மாத்தணும். கவரை நிறுத்திடாதீங்க" என்றாள்.

ஒன்றாம் தேதி ஊசி வந்து மாடி வாடகையைக் கொடுத்தான். அவனுக்குப் பின்னால் நின்று, கீழ் வீட்டு வாடகையை நானும் கொடுத்தேன்.