நாப்பி போட்ட கேக்

எனக்கு மூக்கு இருக்கிறது. நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடி மாட்டிக்கொள்ள அது ரொம்ப சௌகரியமாக இருந்தது. வாசனை பார்க்கத்தான் லாயக்கில்லை. இந்த உண்மை இருபத்து நாலாவது வயதில், பெண் பார்க்கப் போன இடத்தில், ஒரு கேக் மூலமாக எனக்குத் தெரியவந்தது.

குற்றம் என்னுடையது மட்டும் அல்ல. திருவொற்றியூர்க் கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவன் நான். வீட்டுக்குப் பின்னால் மணலில் நெத்திலி காயும். கூரைமேல் வாளை காயும். அதற்கு நடுவில்தான் நாங்களும் காய்ந்துகொண்டிருந்தோம். கருவாட்டுக்கு வாசனை உண்டு என்று யாராவது வெளியூர்க்காரர் வந்து சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். குடும்பத்தில் முதல் ஆளாகப் பத்தாவது வரை படித்ததால் (பாஸா என்று கேட்காதீர்கள்) துறைமுகத்தில் சரக்கு மூட்டை எண்ணும் குமாஸ்தா வேலை கிடைத்தது. கூடவே தலைக்கனமும் கிடைத்தது.

சாயங்காலம் வேலை விட்டதும் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த பர்மா சாப்பாட்டுக் கடைக்குப் போவேன். யுத்தத்தின்போது ரங்கூனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த குடும்பம். கடைக்காரர் தணிகாசலம், அவருடைய அப்பாவும் எங்களைப் போலக் கரையோரத்து ஆள்தானாம், கப்பலேறிப் போனவராம். சமையல் அவர் மனைவி ராஜம்மா. மூன்றணா கொடுத்தால் ஒரு பெரிய கிண்ணம் மொய்ங்கா வரும். அரிசி சேமியாவின் மேல் கொதிக்கக் கொதிக்க மீன் சாறு, வறுத்த வெங்காயம், நொறுக்கிய பருப்பு வடை, பிழிந்த எலுமிச்சம்பழம். புளித்தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து தரும் அத்தோ நூடுல்ஸ் இன்னும் மலிவு. இரண்டையும் சாப்பிட்டு எழுந்தால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் தாங்கும்.

அந்தக் கடையில் எல்லாவற்றிலும் நாப்பி உண்டு. கூனி இறாலை உப்பில் போட்டு, நன்றாக நொதிக்கவிட்டு இடித்த பர்மா விழுது அது. சந்து முனையிலேயே வாசனை ஆளைத் தள்ளும் என்பார்கள். ஆபீஸ் தோஸ்து ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இன்னாபா இது, ஒரே கலீஜா கீது" என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டான். அவனுக்கு என்ன கேடு என்று எனக்குப் புரியவில்லை. அவன் பங்குக் கிண்ணத்தையும் நானே வாங்கிச் சாப்பிட்டேன்.

கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பவள் அவர்கள் மகள் சரோஜா. ஆறு மாதத்தில் நான் அவளிடம் பேசியது "இன்னும் கொஞ்சம் சாறு". அவள் என்னிடம் பேசியது "காரம் போதுமா?" இதைக் காதல் என்று நான் முடிவு செய்துவிட்டேன். சிரிக்கலாம். ஆனால் அவள் உள்ளே போனால் திரும்பி வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டில் சொன்னேன். என் அம்மா பெரிதாக யோசிக்கவில்லை. "மீன் துன்ற வூடுதானே, போய்க் கேட்டுனு வரலாம்" என்றாள். தணிகாசலமும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

பூ, பழம், வெற்றிலை பாக்கோடு போயிருந்தால் விஷயம் ஒழுங்காக முடிந்திருக்கும். எனக்கு அது போதவில்லை. ரங்கூனில் ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் சாப்பிட்டதைப் பற்றி ராஜம்மா அடிக்கடி சொல்லி ஏங்குவார். வருங்கால மாமியாருக்கு என் கையாலேயே கேக் சுட்டுக்கொண்டு போவது என்று தீர்மானித்தேன். அதுவரை நான் அடுப்புப் பக்கம் போனது பீடி பற்றவைக்க மட்டும்தான்.

ஆபீஸில் டைப் அடிக்கும் ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரம்மாவிடம் செய்முறை கேட்டேன். பெரிய தேக்சாவில் மணலைப் பரப்பிச் சூடேற்று, மாவுத் தட்டை மணல்மேல் வை, மூடி போட்டு மூடிமேல் தணலைக் கொட்டு என்றார்.

"மணல் மட்டும் நல்ல மணலா இருக்கணும், மேன்" என்றும் சொன்னார்.

மணலுக்கா எங்களுக்குப் பஞ்சம்? பின்பக்கக் கதவைத் திறந்தால் கடல் வரைக்கும் மணல்தான்.

ரேஷன் காலம் அது. வீட்டில் எல்லாரும் பதினைந்து நாள் வெல்லக் காப்பி குடித்துச் சர்க்கரை சேர்த்தோம். அக்கா தெய்வானை மத்தை வைத்து ஆறு முட்டையைக் கடைந்தாள். நான் கூடையை எடுத்துக்கொண்டு போய், நெத்திலியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, நல்ல வெள்ளை மணலாகப் பார்த்து அள்ளிவந்தேன். அந்த மணல் எத்தனை வருஷமாக எத்தனை கூடை நெத்திலியின் எண்ணெயைக் குடித்திருக்கும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. சூடு ஏற ஏறப் புகை கிளம்பியது. மூடியைத் திறந்தபோது கேக் பொன்னிறமாக, உப்பலாக, பார்க்க லட்சணமாக இருந்தது.

"கமகமன்னு கீதுடா" என்றாள் அம்மா. அக்காவும் ஆமாம் என்றாள். நானும் மோந்து பார்த்துவிட்டு ஆமாம் என்றேன்.

பஸ்ஸில் நாங்கள் மூவரும் ஏறினோம். கேக் தட்டை என் மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு ஸ்டாப் தாண்டியதும் கண்டக்டர் முகத்தைச் சுளித்தார்.

"யாரும்மா அது கருவாட்டுக் கூடை கொண்டாந்தது? மேல ஏத்து."

யாரும் எழுந்திருக்கவில்லை. அம்மா பின்னால் திரும்பி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். "நல்ல காரியத்துக்குப் போற நேரத்துல, எவ கொண்டாந்தாளோ" என்று முணுமுணுத்தாள். எனக்கும் அந்த முகம் தெரியாத ஆள்மேல் கோபம் வந்தது.

கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. பாய் விரித்து உட்காரவைத்தார்கள். சரோஜா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். நான் கேக் என் கைவேலை என்று அறிவித்துவிட்டு (தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு) தட்டை ராஜம்மாவிடம் நீட்டினேன். அவர் ஆசையாகக் கத்தியை வைத்து வெட்டினார். வெட்டியவர் அப்படியே நின்றார். ஒரு துண்டை எடுத்து மோந்தார். மறுபடியும் மோந்தார். பிறகு என் அம்மாவைப் பார்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு கேட்டார்.

"இதுல நாப்பி போட்டிருக்கீங்களா?"

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. மணல், பஸ், கண்டக்டர் எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன. வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். நாப்பி என்றால் கேக்கில் போடும் ஏதோ உயர்ந்த சாமான் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"நெறையப் போட்டோம்மா. எங்க வூட்ல எதுக்கும் கை சுருக்கமே கெடையாது."

"தம்பியே பார்த்துப் பார்த்துப் போட்டுது" என்று அக்காவும் சேர்ந்துகொண்டாள்.

கதவோரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சரோஜா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். தணிகாசலம் ஒரு துண்டை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார். பிறகு ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். "பையனே சுட்டதா? சரி" என்றார்.

ராஜம்மா எல்லாருக்கும் மொய்ங்கா பரிமாறினார். அம்மா ஒரு கிண்ணத்தை முடித்து, "சாறு நல்லா கீதும்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று இன்னொன்று கேட்டு வாங்கினாள். எனக்கு மட்டும் ஒரு வாய்கூட இறங்கவில்லை. சரோஜா இனி நமக்கில்லை என்று தெரிந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேக்கின் கருவாட்டு நெடி கண்ணில் ஏறியதென்று சொல்லக்கூட முடியாதே, தட்டைத்தான் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

மூன்று நாள் கடைப்பக்கம் போகவில்லை. நாலாம் நாள் துறைமுக கேட்டில் தணிகாசலம் அந்தத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, தட்டை வுட்டுட்டுப் பூட்டியே?"

"மன்னிச்சுக்கோ நைனா. அந்த மணல்ல..."

"மணல் கெடக்குது. கல்யாணம் ஆனியிலயா ஆவணியிலயான்னு அம்மாவைக் கேட்டுச் சொல்லு."

கல்யாணமாகி ஒரு மாதம் கழித்துத்தான் சரோஜாவிடம் காரணம் கேட்கத் தைரியம் வந்தது.

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு எடத்துலேர்ந்து வந்தாங்க" என்றாள். "ரெண்டு பேரும் வாசப்படி ஏறும்போதே மூக்கைப் பொத்திக்கினாங்க. காப்பிகூடத் தொடலை. எங்கம்மா அன்னிக்கெல்லாம் சோறு துன்னாம அழுதுகினு கெடந்தாங்க. உங்கம்மா ரெண்டாவது கிண்ணம் கேட்டாங்க பாருங்க, அப்பவே முடிவாயிடுச்சு."

"அப்போ கேக்கு?"

"பூனைக்கு வெச்சோம். அது மட்டும் பேஜார் பண்ணாம துன்னுச்சு."

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் யாராவது தெரியாத விஷயத்துக்குத் தெரிந்தமாதிரி தலையாட்டினால் "நாப்பி நெறையப் போட்டியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. என் மகன் முதல் இண்டர்வியூவுக்குப் போய்த் திரும்பியபோதும் வீட்டில் அதைத்தான் கேட்டோம். இப்போது என் பேத்தி கரண்ட் அடுப்பில் வாரம் ஒரு கேக் சுடுகிறாள். வெளியே எடுத்ததும் ஆளாளுக்கு மோந்து பார்த்துக் கருத்து சொல்வார்கள். என்னை யாரும் கேட்பதில்லை. சரோஜா மட்டும் ஒரு துண்டை என் மூக்கருகில் நீட்டுவாள்.

"நாப்பி போதுமா?" என்பாள்.

எனக்கு ஒரு வாசனையும் தெரியாது. "இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்பேன்.