இளமை ஊசியின் பக்க விளைவு

ஐம்பத்தைந்து வயதில் கணக்காளருக்குத் தலைமயிரும் தைரியமும் ஒன்றுபோலக் குறைந்திருந்தன. இளமை மேல் ஆசை மட்டும் குறையவில்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்காரன் ஒரு குப்பியைக் காட்டி, பெப்டைடு என்று ஏதோ சொன்னான். ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயசு பின்னால் நடக்குமாம். இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, உடம்பை என்ன செய்யும் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது என்பதையும் மென்று விழுங்கிச் சொன்னான்.

கணக்காளர் யோசித்தார். முகம் வீங்கினால்? நெஞ்சு படபடத்தால்? முதலில் வேறு யாராவது போட்டுப் பார்த்தால் தேவலை. வேறு யாராவது என்றால் அவருக்குக் கட்டின மனைவிதான். இந்த யோசனையைக் கூடத்துக்காரனிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

சத்து ஊசி என்று சொல்லிக் குப்பியை வீட்டில் நீட்டினார். மனைவி தையற்கடை நடத்துபவள். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

"நாள் பூரா ஊசியோடதானே புழங்கறேன். நானே போட்டுக்கறேன்."

அந்த மனுஷன் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார் என்பதுதான் கேவலம்.

சில நாளில் அவளுக்குக் கை நடுங்கியது. துணி வெட்டும்போது அல்ல, பாத்திரம் தேய்க்கும்போது மட்டும். அடுப்புப் பக்கம் போனால் தலை சுற்றியது. துடைப்பத்தைத் தொட்டால் முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். என்ன ஊசி என்று டாக்டர் கேட்டால்? கணக்காளருக்கு வியர்த்துவிட்டது. ஓய்வெடுத்தால் போதும் என்று அவசரமாகச் சொல்லித் துடைப்பத்தைத் தானே எடுத்தார்.

அப்புறம் சமையல், துவைப்பு, கடைகண்ணி, தண்ணீர்த்தொட்டி கழுவுவது எல்லாம் அவர் தலையில் விழுந்தன. அவள் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, உப்பு போதவில்லை என்று மட்டும் சொன்னாள். இரண்டு மாதத்தில் ஆள் துரும்பாக இளைத்துவிட்டார்.

கடைசியில், தரை துடைத்துக்கொண்டிருந்தவர் மண்டியிட்டபடியே உண்மையைக் கக்கினார். அது சோதனை மருந்து, தனக்குப் பயமாக இருந்தது, அதனால்தான் என்று இழுத்தார்.

மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும். நீங்க கொண்டுவர்றதுக்கு முன்னாடியே கூடத்துக்காரன் பொண்டாட்டி கடைக்கு வந்து சொல்லிட்டா. குப்பியை அன்னைக்கே குப்பையில போட்டுட்டேன்."

"அப்ப அந்தக் கை நடுக்கம்?"

"அதை விடுங்க. தொப்பை கரைஞ்சு, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க. பாதியில நிறுத்தினா பக்க விளைவு வரும். கட்டிலுக்கு அடியிலயும் துடைங்க."